எட்டுமா, மதினி? திண்ணைப் பேச்சில் நடந்த ஒரு விசுவாச உரையாடல்: நிகழ்வு ஆய்வு

அன்பியங்களின் (கத்தோலிக்கப் பங்குகளில் அண்டை வீட்டார் சேர்ந்த சிறு குழுக்கள்) பொறுப்பாளர்களுக்கான பயிற்சிகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "பிற மதத்தவரிடம் நம் விசுவாசத்தைப் பற்றிய பேச்சை எப்படித் தொடங்குவது?" கேட்பவர்கள் ஒரு வாக்கியத்தை எதிர்பார்க்கிறார்கள். மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு வாக்கியம் என்னிடம் இல்லை. முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்தில், பீடி சுற்றும் இரண்டு பெண்களுக்குள் நடந்ததை எழுதிவைப்பது அதைவிடப் பயன்படும் என்று தோன்றியது. இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஊரும் ஆட்களும்

மூத்தவர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), அறுபதை நெருங்குபவர், விதவை. இளையவர் இந்து, நாற்பதுக்குள், ஒரு மகள். இருவர் வீடும் அடுத்தடுத்து. உறவு முறையில் மூத்தவர் இளையவருக்கு மதினி, அதாவது அண்ணன் மனைவி முறை. வெளியூர்க்காரர்களுக்கு இது புதிராக இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரே சாதிக்குள், சில வேளை ஒரே குடும்பத்துக்குள், இந்து, ஆர்.சி., சி.எஸ்.ஐ. (சீர்திருத்த வழி வந்த தென்னிந்தியத் திருச்சபை) மூன்றும் இருக்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு. இளையவரின் சித்தி மகள் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவரும் இந்தக் கதையில் வருகிறார்.

ஊரில் உள்ள ஆர்.சி. கோயில் பாளையங்கோட்டை மறைமாவட்டத்துப் பங்கு (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள பகுதி) ஒன்றின் கிளை. அந்த மறைமாவட்டம் 1973-இல் மதுரையிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. கிளை ஊர் என்பதால் எல்லா நாளும் பூசை கிடையாது. சாமியார் (எங்கள் பேச்சில் பங்குத்தந்தை) வராத நாட்களில் விசுவாசத்தைப் பற்றி ஊரில் என்ன பேசப்படுகிறதோ அதெல்லாம் இப்படிப்பட்ட திண்ணைகளில்தான் பேசப்படுகிறது.

திண்ணையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மடியில் சுளகு (முறம்); சுளகில் ஒரு பக்கம் புகையிலைத் தூள், மறுபக்கம் கத்தரித்த இலை. இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருப்பார்கள். தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூளைப் பரப்பி, விரல் நுனியில் உருட்டி, வாயை மடக்கி, நூலால் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டி, கீழே போட வேண்டும். கூலி ஆயிரத்துக்குக் கணக்கு. கண் எப்போதும் இலையில் இருக்கும், கையும் ஓயாது. காதும் வாயும் மட்டும் சும்மா இருக்கும். மணிக்கணக்காகப் பேசினாலும் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. சங்கடமான கேள்வியைக் கேட்டுவிட்டு அடுத்த இலையை எடுத்துக்கொள்ளலாம். பதில் சொல்லத் தெரியாவிட்டால் நூல் அறுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். நாற்காலி போட்டு எதிரெதிரே உட்கார்ந்து "வாருங்கள், கடவுளைப் பற்றிப் பேசுவோம்" என்று தொடங்கும் கூட்டங்களில் இந்தச் சலுகை இல்லை.

முதல் பேச்சு: படைத்த சோறு

இருவருக்கும் இடையில் விசுவாசம் பற்றி முதலில் வந்த பேச்சு சோற்றைப் பற்றியது. பொங்கலுக்குக் கரும்பும் பனங்கிழங்கும் மதில் தாண்டிப் போகும். கிறிஸ்துமசுக்கு முறுக்கும் அதிரசமும் திரும்பி வரும். சிக்கல் வந்தது சுடலைமாடன் கோயில் கொடை விழாவின்போதுதான். படைத்த சோற்றை இளையவர் கொண்டுவந்து கொடுத்தார். மூத்தவர் வாங்கிவைத்துக்கொண்டு பின்கட்டில் கோழிக்குப் போட்டிருக்கலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள்; அதை நாகரிகம் என்றும் நினைக்கிறார்கள். இவர் நேராகவே சொன்னார்: "சாமிக்குப் படைத்ததை நான் சாப்பிடுவதில்லை, அம்மா. படைக்கும் முன் எனக்கென்று தனியாக எடுத்துவைத்தால் வயிறாரச் சாப்பிடுவேன்." அடுத்த கொடையிலிருந்து தனித் தூக்குவாளி ஒன்று வந்தது.

படைத்த உணவு குறித்துக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் 8, 10 அதிகாரங்களில் இவ்வளவு நீளமாக எழுதியிருப்பது ஏன் என்று இந்தத் தூக்குவாளியைப் பற்றிக் கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது. விசுவாசத்தின் எல்லை எது, உறவின் எல்லை எது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவரிடம்தான் பின்னாளில் பெரிய கேள்வி வந்தது.

சாவு

இளையவரின் கணவர் கேரளத்தில் கட்டட வேலை பார்த்தவர். சாரம் சரிந்து இறந்துபோனார். அதற்கு முன் சில நாட்களாகப் பணம் அனுப்புவது தொடர்பாகக் கணவன் மனைவிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவர் அழைத்தபோது இவர் போனை எடுக்கவில்லை. இந்தச் செய்தி மூத்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

பதினாறு நாளும் மூத்தவர் அந்த வீட்டுக் குழாயடியில் தண்ணீர் பிடித்தார், துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி போட்டார். ஒரு வசனமும் சொல்லவில்லை. இடையில் வெளியூர் சபைக்காரர் ஒருவர் வந்து துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டுப் போனார். சாவு வீட்டில் பிரசுரம் நீட்டுகிறவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த ஆய்வு வேறு பக்கம் போய்விடும், விட்டுவிடுகிறேன்.

கேள்வி

நவம்பர் 2. கல்லறைத் திருநாள். மூத்தவர் முதல் நாளே கணவரின் கல்லறைக்கு வெள்ளையடித்து, கேந்திப் பூ மாலையும் மெழுகுவர்த்தியும் சாம்பிராணியும் எடுத்துக்கொண்டு போனார். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். மறுநாள் திண்ணையில், இலை வெட்டிக்கொண்டே இளையவர் கேட்டார்:

"மதினி, நேற்று அவ்வளவு செய்தீர்களே, அதெல்லாம் அண்ணனுக்கு எட்டுமா?"

"எட்டும் என்று நம்பித்தான் போகிறேன். உன் அண்ணன் குடித்துவிட்டு என்னை எத்தனை நாள் அடித்திருக்கிறார், இந்தத் தெருவுக்கே தெரியும். அவருக்கும் சேர்த்துத்தான் ஆண்டுதோறும் பூசைக்கு எழுதிக் கொடுக்கிறேன். அப்படியே போகட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை."

இளையவர் அன்று முழுவதும் வேறெதுவும் பேசவில்லை என்று மூத்தவர் சொன்னார். போனை எடுக்காமல் இருந்தவர் அவர். முடியாமல் போன கணக்கு இறந்தபிறகும் முடியுமா என்பதுதான் அவர் மனதில் இருந்த கேள்வி. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய்த் தாமிரபரணியில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அது கணவருக்குச் செய்ய வேண்டிய கடமை என்று செய்தார். தன் மனத்தாங்கலுக்கு அங்கே இடம் இருந்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

சில நாள் கழித்துப் பேச்சு மறுபடி வந்தபோது மூத்தவர் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிச் சொன்னார். இந்தத் தலைமுறை மறைக்கல்வி வகுப்புகளில் அந்தச் சொல்லே அபூர்வமாகிவிட்டது. கடவுளின் அன்பில் இறந்தும் முழுவதும் தூய்மையடையாதவர்கள் அங்கே தூய்மை பெறுகிறார்கள், உயிரோடு இருப்பவர்களின் செபம் அவர்களுக்கு உதவும் என்பது திருச்சபையின் போதனை. மூத்தவர் தன் பாட்டியிடம் கேட்ட முறையில் சொன்னார்: "பெரிய வீட்டுக்குள் நுழையும் முன் கால் கழுவிக்கொள்ளும் இடம். கழுவத் தண்ணீர் மொண்டு கொடுப்பது நம் வேலை."

சி.எஸ்.ஐ. தங்கை ஒருநாள் வந்திருந்தபோது இதை மறுத்தார். செத்தபிறகு செபம் இல்லை, வேதத்தில் அப்படி இல்லை என்றார். இறந்த வீரர்களின் பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்க யூதா மக்கபே எருசலேமுக்குப் பணம் அனுப்பிய செய்தி 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் சீர்திருத்தத் திருச்சபைகளின் வேதாகமத்தில் இல்லை. மூத்தவருக்கு அதிகார எண் தெரியாது. "எங்கள் வேதத்தில் இருக்கிறது, உங்கள் வேதத்தில் இல்லை. அதற்காக நாம் மூவரும் சுளகைத் தூக்கி அடித்துக்கொள்ள வேண்டாம்" என்றார். தங்கை சிரித்துவிட்டார்.

இரண்டாவது கேள்வி

இதுதான் கடினமானது. "என் வீட்டுக்காரர் வேதக்காரர் (கிறிஸ்தவர்) இல்லையே, மதினி. உங்கள் கணக்கில் அவர் நரகத்துக்கா?"

நம்மவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ஒன்று, "ஆமாம்" என்று தலையில் அடித்தாற்போல் சொல்லி வேதனையை மனமாற்றத்துக்குத் தூண்டிலாக்குவது. மற்றது, "எல்லாச் சாமியும் ஒன்றுதான்" என்று மழுப்புவது. மூத்தவர் சொன்னது: "அப்படித் தீர்ப்புச் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன்."

கேட்டுக்கொண்டும் வந்தார். பங்குத்தந்தை சொன்னது 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவை) திருச்சபை பற்றி வெளியிட்ட கோட்பாட்டு விளக்கத்தின் 16-ஆம் எண்: தங்கள் குற்றமின்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமலிருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்று காட்டும் வழியில் நடக்க அருளின் உதவியோடு முயல்பவர்களும் மீட்படைய முடியும். திருப்பலியின் நான்காம் நற்கருணை மன்றாட்டிலும், எவருடைய விசுவாசம் கடவுள் ஒருவருக்கே தெரியுமோ அந்த இறந்தோர் அனைவருக்காகவும் வேண்டுகிறோம்.

இதே கேள்வியை வேறொருவரிடமும் கேட்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டைப் பேராலயம் யார் பெயரில் இருக்கிறதோ, 1542 முதல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்தவர் யாரோ, அந்தப் புனித சவேரியார்தான். ஜப்பானில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் தங்கள் முன்னோர்களின் கதியைக் கேட்டார்கள். நரகத்திலிருந்து மீட்பில்லை என்று அவர் பதில் சொன்னார், அவர்கள் அழுதார்கள். அந்த அழுகையைக் கண்டு தானும் வருந்தியதை 1552-இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே பதிவுசெய்திருக்கிறார். புனிதரிடம் குறை காண்பது என் நோக்கமில்லை. அவர் காலத்து இறையியல் அவருக்குக் கொடுத்த பதில் அது. ஆனால் இன்றைக்கும் அந்தப் பதிலையே சொல்கிறவர் திருச்சபையின் போதனையைச் சொல்லவில்லை.

பழைய நிகழ்வு ஒன்று

திருநெல்வேலிச் சீமையில் விசுவாச உரையாடல் என்றால் வடக்கன்குளத்தைத் தாண்டிப் போக முடியாது. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாய், பின்பு திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுப்பவரானார். அரண்மனைப் பணியாளரான நீலகண்ட பிள்ளை அவரோடு பழகினார். குடும்பத்தில் இழப்புக்கு மேல் இழப்பு வந்து பிள்ளை மனம் நொந்திருந்த சமயத்தில் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். பேச்சு வளர்ந்தபின், தானே எல்லாம் செய்துவிட முற்படாமல், வடக்கன்குளத்தில் இருந்த இயேசு சபைக் குரு புத்தாரியிடம் அனுப்பினார். 1745 மே 14 அன்று அங்கே திருமுழுக்கு, பெயர் தேவசகாயம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

மறையுரைகளில் அவரைக் கட்டிய சங்கிலியும், அவரை ஏற்றி இழுத்துச் சென்ற எருமையும், துப்பாக்கிக் குண்டும்தான் வரும். எனக்கு அந்த முதல் பேச்சின் மீதுதான் கண். டிலனாய் போர்க் கைதியாக வந்தவர், அரசனின் தயவில் இருந்தவர். மதம் மாறினால் இன்னது தருவேன் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. அவர் தேர்ந்தெடுத்த கதையையும் கவனிக்க வேண்டும். யோபுவின் நூல் துன்பத்துக்குக் காரணம் சொல்வதில்லை. காரணம் சொல்ல வந்த நண்பர்கள் கடைசியில் கடவுளிடம் திட்டு வாங்குகிறார்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள் சரியாகத்தான் இருந்தார்கள்.

கெட்டுப்போன இடம்

இளையவரின் கேள்வியை மூத்தவர் சாமியாரிடம் கொண்டுபோன செய்தி கோயில் கமிட்டியைச் சேர்ந்த ஒருவர் காதுக்கு எட்டியது. அவர் கெட்டவர் அல்லர், ஆர்வக்கோளாறு. ஒரு மாலையில் செப புத்தகம், செபமாலை, மாதா படம் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு இளையவர் வீட்டுக்குப் போய், "எப்போது திருமுழுக்கு வாங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். வாசலில் கொழுந்தனார் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் பெரிய சத்தம். "அண்ணன் செத்து வருசம் திரும்பவில்லை, அதற்குள் வேதத்துக்கு ஆள் பிடிக்கிறார்களா?" கொழுந்தனாரின் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. இந்த வட்டாரத்தில் மதமாற்றம் என்ற சொல் வெறும் சொல்லாக இருப்பதில்லை. 1981-இல் பழைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியது நாடு முழுவதும் பேசப்பட்டது. 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அதில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதியினருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். எங்கள் நிகழ்வில் அந்தப் பிரச்சினை எழவில்லை. எழும் இடங்களில் அதை மறைத்துவிட்டு ஆன்மாவைப் பற்றி மட்டும் பேசுவது ஏமாற்று.

திருச்சபையின் சட்டமும் இந்தக் கமிட்டிக்காரருக்கு எதிராகத்தான் இருக்கிறது. யாரையும் வற்புறுத்தியோ தகாத வழியில் ஈர்த்தோ விசுவாசத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று 1965-இல் நற்செய்திப் பணி பற்றி அதே வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏட்டின் 13-ஆம் எண் கண்டிப்பாகத் தடைசெய்கிறது. வயதுவந்தவர் ஒருவர் திருமுழுக்குப் பெற, அவரே விருப்பத்தை வெளிப்படுத்தி, போதிய அளவு கற்று, புகுநிலைக் காலத்தில் (திருமுழுக்குக்கு முந்திய தயாரிப்புக் காலம்) சோதித்தறியப்பட்டிருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 865. "எப்போது?" என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை.

இளையவர் பல வாரம் திண்ணைக்கு வரவில்லை. மூத்தவர் போய் விளக்கம் சொல்லவுமில்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்லி யாரையும் அனுப்பவுமில்லை. அந்த வாரங்களில் இளையவருக்குக் கணக்கில் பீடி குறைந்தது என்று தெரிந்து, தான் சுற்றியதிலிருந்து சில கட்டுகளைச் சிறுமி கையில் கொடுத்தனுப்பினார். கமிட்டிக்காரரைக் கோயில் வாசலில் நிறுத்தி, "நீ இனி அந்த வீட்டு வாசலை மிதித்தால் நான் கோயில் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொன்னது மட்டும் ஊருக்கே கேட்டது.

பூசைக் கருத்து

திரும்பி வந்தபோது இளையவர் ஒன்றுதான் கேட்டார். கணவருக்காக ஒரு பூசைக்கு எழுதிக் கொடுக்கலாமா? வேதக்காரர் அல்லாதவருக்குப் பூசை வைப்பார்களா?

வைக்கலாம். உயிரோடிருப்பவரோ இறந்தவரோ, யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 901-ஆம் சட்டம் ஒரே வரியில் சொல்கிறது. அந்த ஞாயிறு பூசைக்கு முன் உபதேசியார் (கோயிலில் மறைக்கல்வி கற்பிப்பவர்) கருத்துகளை, அதாவது யார் யாருக்காக அந்தப் பூசை என்பதை, வாசித்தார். அந்தோணிகளுக்கும் சவரிமுத்துகளுக்கும் நடுவில், ஆர்.சி. கோயில் ஒலிபெருக்கியில், சுடலையின் பெயர் கொண்ட ஒருவரின் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று வந்தது. முன்வரிசைப் பெரியவர்கள் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் தூண் ஓரமாக இளையவரும், அவருக்கு இந்தப் பக்கம் மூத்தவரும், கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றாமல் கொழுந்தனாரும் இருந்தார்கள். அண்ணன் பெயர் வாசித்ததைக் கேட்டுவிட்டுத்தான் அவர் போனார்.

என் மதிப்பீடு

இளையவர் திருமுழுக்குப் பெறவில்லை. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிறார். நவம்பரில் பூசைக்கு எழுதிக் கொடுக்கிறார். செவ்வாய்க்கிழமை வேண்டுதல் இருந்தால் உவரி அந்தோணியாருக்கு பஸ் ஏறுகிறார். இரவில் தனியாக இருக்கும்போது, போனை எடுக்காததைக் கணவரிடமும் இயேசுவிடமும் சேர்த்துச் சொல்லிவிடுவதாக என்னிடம் கூறினார். இதைப் பங்குப் பேரவையில் சொன்னபோது, "இத்தனை வருடப் பேச்சுக்கு இவ்வளவுதானா?" என்றார் ஒருவர். எண்ணிக்கையில் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் 2013-இல் நற்செய்தியின் மகிழ்ச்சி பற்றிய ஊக்கவுரையின் 127, 128-ஆம் எண்களில் திருத்தந்தை பிரான்சிஸ் இத்தகைய பேச்சுக்குச் சொன்ன வரிசை இதுதான்: முதலில் எதிரில் இருப்பவர் தன் மகிழ்ச்சியையும் கவலையையும் பேச வேண்டும், அதன்பிறகுதான் இறைவார்த்தை, அதுவும் பணிவோடு. மூத்தவர் அந்த ஊக்கவுரையைப் படித்ததில்லை.

பயிற்சிக்கு வருகிறவர்கள் இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மூத்தவரின் பதில்களை அல்ல என்பது என் கருத்து. குடிகாரக் கணவருக்குப் பூசை வைத்தவர் சொன்னால்தான் அந்தப் பதிலுக்கு எடை. எடுத்துக்கொள்ள முடிந்தது ஒன்று: தெரியாததைக் கேட்டுக்கொண்டு வந்து சொல்வது. அதற்குத் திறமை வேண்டாம். அந்தப் பழக்கத்தால் பங்குத்தந்தையும் திருச்சபைச் சட்டமும் திண்ணைக்கு வந்துசேர்ந்தன. வாரக்கணக்கில் தாமதம் ஆனதும் நல்லதாகவே போயிற்று.

இப்போது இளையவரின் மகள், மூத்தவரின் பேத்தியோடு மறைக்கல்வி வகுப்புக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும் என்கிறார் தாய். அவசரமில்லை, தாய் சொல்கிறபடியே ஆகட்டும், சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டு வரட்டும் என்கிறார் பங்குத்தந்தை.

அடுத்த பயிற்சியில் வந்து பேசும்படி மூத்தவரைக் கேட்டிருந்தேன். பீடி கொடுக்கும் நாளாக இருக்கக் கூடாது, இளையவரும் கூட வர வேண்டும், அவள் இல்லாமல் அவள் கதையைத் தான் சொல்ல மாட்டேன் என்றார். இளையவரிடம் கேட்டேன். வருவதாகச் சொன்னார்; அந்தக் கமிட்டிக்காரர் மட்டும் முன்வரிசையில் உட்காரக் கூடாதாம். நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு தேதியும் குறித்துவிட்டோம். கடைசி நிபந்தனையைக் கமிட்டிக்காரரிடம் யார் போய்ச் சொல்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.